90 போல்ட்டில் 84: பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 நிகழ்வு ஆய்வு

1990 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390ஆம் விமானம் காலை 8:20 மணிக்குக் கிளம்பியது. பிஏசி ஒன்-இலெவன் ரகம், பதிவு எண் ஜி-பிஜேஆர்டி. பயணிகள் 81 பேர், ஊழியர்கள் 6 பேர். 13 நிமிடம் கழித்து, டிட்காட் ஊருக்கு மேலே 17,300 அடி உயரத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, கேப்டனுக்கு நேர் எதிரே இருந்த இடப்பக்க முன்கண்ணாடி முழுதாகப் பெயர்ந்து வெளியே போனது.

கேப்டன் டிம் லங்காஸ்டர் தோளுக்கு மேல் வரும் இருக்கைப் பட்டையைக் கழற்றி, இடுப்புப் பட்டையையும் தளர்த்தி வைத்திருந்தார். கிளம்பி, ஏற்றம் சீரானபின் விமானிகள் வழக்கமாகச் செய்வதுதான். காற்று அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, இடுப்பு வரை வெளியே இழுத்துவிட்டது. காக்பிட் கதவு பெயர்ந்து ரேடியோ, வழிகாட்டுக் கருவிகள் இருந்த மேடை மீது வந்து விழுந்தது. பணியாளர் நைஜல் ஆக்டன் ஓடிவந்து கேப்டனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கை சோர்ந்தபோது மற்றவர்கள் மாற்றிப் பிடித்தார்கள். கேப்டன் இறந்துவிட்டார் என்றே அவர்கள் நினைத்தார்கள், ஆனாலும் விடவில்லை. துணை விமானி அலஸ்டர் அட்சிசன் காற்றின் இரைச்சலில் கட்டுப்பாட்டு நிலையத்தின் பேச்சு சரியாகக் கேட்காத நிலையிலும் விமானத்தை வேகமாகக் கீழே கொண்டுவந்து, 8:55க்கு சவுத்தாம்ப்டனில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. கேப்டனுக்கு வலக்கையிலும் மணிக்கட்டிலும் இடக்கைப் பெருவிரலிலும் எலும்பு முறிவு, உறைபனிக் காயம். ஐந்து மாதத்துக்குள் அவர் மறுபடி விமானம் ஓட்டினார்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தைரியத்துக்குச் சொல்லும் கதையாக அது நல்ல கதைதான். விமானப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு வேண்டியது இதற்கு முந்தைய 27 மணி நேரத்தில் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். கண்ணாடி உடையவில்லை. பறவை மோதவில்லை, விரிசலும் இல்லை. சட்டத்திலிருந்து கழன்று விழுந்த பலகம் தரையில் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்துக்கு முன்தான் புதிதாகப் பொருத்தப்பட்டது. மாற்றியபின் அந்த விமானம் பறந்த முதல் பயணமே இதுதான். ஆக, பார்க்க வேண்டியது கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளை.

பிரிட்டனின் விமான விபத்து ஆய்வுப் பிரிவு 1992இல் அறிக்கை வெளியிட்டது. 90 போல்ட்டில் 84, தேவையான விட்டத்தைவிட ஏறக்குறைய 0.026 அங்குலம் மெலிந்தவை என்று அது சொன்னது. மில்லிமீட்டரில் 0.66. மீதி ஆறு, விட்டம் சரியாக இருந்தும் நீளம் குறைந்தவை.

எண்ணும் எழுத்தும்

அந்த விமானத்தின் பாகப் பட்டியல் கேட்டது ஏ211-8டி என்ற போல்ட்டை. இதில் 8 என்பது நீளம், 0.8 அங்குலம். டி என்ற எழுத்து விட்டத்துக்கும் மரைக்கும் உரியது: 10-32 யுஎன்எஃப் என்ற மரைத் தரம், அதாவது பெயரளவு விட்டம் 0.190 அங்குலம், அங்குலத்துக்கு 32 மரை. எழுத்து சி ஆனால் மரை 8-32 யுஎன்சி, விட்டம் 0.164 அங்குலம், மரை எண்ணிக்கை அதே 32.

கழற்றிய பழைய கண்ணாடியில் இருந்தவை பெரும்பாலும் 7டி. விட்டம் சரி, நீளம் 0.1 அங்குலம் குறைவு. அதாவது சுமார் நான்கு வருடங்களுக்கு முன் அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர்களும் தவறான போல்ட்டைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அது பிடித்தது. நான்கு வருடம் பறந்தும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வழக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். தவறான பாகம் உடனே பழுதானால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பழுதாகாத தவறான பாகமோ அடுத்து வருகிறவருக்கு மாதிரியாகிவிடுகிறது. கையில் எடுத்துப் பார்க்கிறார், நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று நினைக்கிறார், அதே போலத் தேடுகிறார்.

கழற்றியதைப் போலவே போடு என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் பழகிய வழி. தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கழற்றியது சரியான பாகம்தான் என்று யாரோ எப்போதோ உறுதி செய்திருக்க வேண்டும். அந்த உறுதி பாகப் பட்டியலில் மட்டும்தான் கிடைக்கும், பழைய போல்ட்டில் கிடைக்காது.

ஸ்டோர்ஸிலிருந்து விமானத்துக்கு

ஜூன் 8 வெள்ளி இரவு ஷிஃப்ட். ஆள் குறைவு, வேலை அதிகம். முன்கண்ணாடி மாற்றும் வேலையை ஷிஃப்ட் மேனேஜர் தானே எடுத்துக்கொண்டார். அனுபவசாலி, நல்ல பெயர் எடுத்தவர். அவர் பெயரை அறிக்கை சொல்லவில்லை. நமக்கும் அது தேவையில்லை. வேலை ஆரம்பித்தது அதிகாலை மூன்று மணி வாக்கில். உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் நேரம்.

பராமரிப்புக் கையேட்டை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாகப் பட்டியலைப் பார்க்கவில்லை. பழைய போல்ட்டுகளில் சில சேதமாகியிருந்ததால் புதியதைப் போட முடிவு செய்து, ஒரு பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனார். அது 7டி என்று அங்கே ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டார். ஸ்டோர்ஸ்காரர், இந்த வேலைக்கு 8டிதான் போடுவது வழக்கம் என்று சொன்னார். சரியான பதில் அங்கே, கவுன்டரில், வாய்வார்த்தையாகக் கிடைத்துவிட்டது! ஆனால் மேனேஜர் கையில் இருந்தது 7டி. கண்ணாடியைப் பிடித்திருந்ததும் 7டி. அதையே தேடுவது என்று முடிவு செய்தார். ஸ்டோர்ஸ்காரரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பதவியில் மேலே இருப்பவரிடம் இரண்டாவது முறை சொல்வது எங்கேயுமே கஷ்டம்தான்.

அந்த ஸ்டோர்ஸில் 7டி போதுமான அளவு இல்லை. விமான நிலையத்தின் இன்னொரு மூலையில், 'இன்டர்நேஷனல் பியர்' என்ற கட்டடப் பகுதியின் கீழ், பொதுப் பாகங்களுக்கான சுழல் அலமாரி ஒன்று இருந்தது. அதற்குப் பொறுப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் எடுக்கலாம். வெளிச்சம் போதாது. மேனேஜர் காரில் அங்கே போய், கையிலிருந்த மாதிரிப் போல்ட்டை இழுப்பறையில் இருந்தவற்றோடு வைத்துக் கண்மதிப்பாக ஒப்பிட்டு எடுத்து வந்தார். எடுத்தது 8சி. கிட்டப் பார்க்கும் வேலைக்கு அவருக்கு மூக்குக்கண்ணாடி எழுதிக்கொடுத்திருந்தார்கள். வேலையில் அவர் அதைப் போட்டுக்கொள்வதில்லை.

7டியையும் 8சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. 8சி கொஞ்சம் நீளம், கொஞ்சம் மெலிவு. நீளத்தில் இரண்டரை மில்லிமீட்டர், தடிமனில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பகல் வெளிச்சத்தில் மேஜைமேல் வைத்துப் பார்த்தால் தெரியும். அதிகாலையில் மங்கிய விளக்கடியில் தெரியாமல் போவது பெரிய ஆச்சரியம் இல்லை. கண்மதிப்பு போதும் என்று நினைத்ததில்தான் கோளாறு.

இந்த இடத்தில் அளவுக் கருவிகளைப் பற்றி ஒரு விஷயம். அவர் மரையைச் சந்தேகப்பட்டு பிட்ச் கேஜ் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரையின் இடைவெளியை அளக்கும் அந்தப் பல் தகடு இரண்டு போல்ட்டிலும் 32 என்றே காட்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே பிட்ச். மெக்கானிக் மரைக்கு முதலில் எடுக்கும் கருவி, இந்தத் தவறை ஆமோதித்து அனுப்பியிருக்கும். நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்திருந்தால் இன்னும் வேடிக்கை. பட்டியல் கேட்ட 8டியின் நீளமும் கையிலிருந்த 8சியின் நீளமும் ஒன்றேதான். பட்டியலைப் பார்த்து நீளத்தை மட்டும் சரிபார்க்கிறவர், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவார். விட்டத்தை அளக்க மைக்ரோமீட்டரோ வெர்னியரோ வேண்டும். அதுகூட இல்லையென்றால் 10-32 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு நட்டில் போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தாலே போதும். 8-32 போல்ட் அதில் லொடலொட என்று ஆடும்.

அந்த 'டக்'

போல்ட் போய்ப் பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் உட்பக்கம் ஆங்கர் நட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து போல்ட்டை விட்டுத் திருக வேண்டும். 10-32 நட்டின் உட்புறத் துளை, மரைகளின் நுனிக்கு நுனி, குறைந்தபட்சம் 0.156 அங்குலம். 8-32 போல்ட்டின் வெளிவிட்டம் அதிகபட்சம் 0.164. ஆக மரையும் மரையும் கோத்துக்கொள்ளும் ஆழம் பக்கத்துக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு; அதுவும் நல்ல பொருத்தமாக அமைந்தால். சில ஜோடிகளில் அதுவும் இல்லை. அப்படியானால் போல்ட் ஏன் உள்ளே போனவுடனே கையோடு வெளியே வரவில்லை? இந்த நட்டுகள் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அதிர்வில் கழலாமல் இருக்க, நட்டின் ஒரு முனையைக் கொஞ்சம் நசுக்கி வைத்திருப்பார்கள். அந்த நெருக்கமான இடம் மெலிந்த போல்ட்டையும் லேசாகக் கவ்வியது. திருகும்போது கைக்கு ஓர் எதிர்ப்பு கிடைத்தது.

அந்த எதிர்ப்புதான் ஏமாற்றியது. வேலைக்கு, குறித்த முறுக்கு அளவோடு நிறுத்தும் டார்க் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். முறையாகக் கேலிபரேட் செய்து, அதாவது அளவு சரிபார்த்து, தயாராக இருந்த கருவி கிடைக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒன்றை எடுத்து, சோதனைக் கருவியில் வைத்து 20 பவுண்டு-அங்குலத்துக்குச் சரிசெய்துகொண்டார்கள். கையேடு சொன்னது 15. குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் இந்த ஸ்க்ரூடிரைவர் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். மேனேஜர் அந்த 'டக்'கை ஒவ்வொரு போல்ட்டிலும் உணர்ந்தார். அவர் உணர்ந்தது கருவி விட்டுக்கொடுத்ததை அல்ல, மெலிந்த போல்ட்டின் மரை நட்டின் மரைமேல் ஏறி வழுக்கியதை. மலிவான பாட்டில் மூடியை அழுத்தித் திருகும்போது ஒரு கட்டத்தில் 'டக்' என்று நழுவி மறுபடி சுற்றும் இல்லையா, அது மாதிரி. கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

டார்க் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்று யோசித்தால் இதில் வியப்பு குறையும். திருகுவதற்கு எவ்வளவு முறுக்கு தேவைப்படுகிறது என்பதை மட்டும் அது அளக்கிறது. போல்ட் எவ்வளவு இழுவிசையோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலையின் அடியிலுள்ள உராய்விலும், நாற்பது சதவீதம் மரை உராய்விலும் போய்விடுகிறது, பத்து சதவீதம்தான் இழுவிசையாகிறது என்பது தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. சரியான போல்ட், சரியான நட், சுத்தமான மரை என்று எல்லாம் முன்கூட்டியே உறுதியாக இருந்தால்தான் டார்க் அளவு இறுக்கத்துக்குச் சாட்சி சொல்லும். பாகம் தவறு என்றால் 15 என்ன, 20 என்ன?

சரி, கண்ணால் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்கலாம். கண்டுபிடித்திருக்க வேண்டும். இவை கவுன்டர்சங்க் போல்ட்டுகள்; தலை, அதற்கென்று சரிவாகக் குடைந்த குழியில் உட்கார்ந்து மேற்பரப்போடு மட்டமாக நிற்க வேண்டும். 8சியின் தலை சிறியது, அதனால் குழிக்குள் தாழ்ந்துபோய் உட்காரும். இரண்டடி தூரத்திலிருந்தே கவனிக்கக்கூடிய வித்தியாசம். ஆனால் அவர் நின்ற ஸ்டாண்ட் சரியான இடத்தில் இல்லை. விமானத்தின் மூக்கின் குறுக்கே எட்டிப் படுத்த மாதிரி வேலை செய்தார். ஸ்க்ரூடிரைவரின் பிட், ஹோல்டரில் நிற்காமல் கழன்று விழுந்துகொண்டே இருந்ததால் இடக்கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கையே போல்ட்டின் தலையை மறைத்தது. எட்டாத ஸ்டாண்டும் நிற்காத பிட்டும் பெரிய குறைகள் இல்லை. எந்த ஹேங்கரிலும் ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்பவை. இந்த இரவில் அவை கடைசி வாய்ப்பையும் மூடிவிட்டன.

காற்று செய்த சோதனை

விமானம் தரையில் இருந்தவரை எல்லாம் நன்றாகவே இருந்தது. உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம், அதனால் போல்ட்டுகளுக்கு வேலையே இல்லை. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. 17,300 அடியில் அது கடல்மட்டத்தின் பாதிக்குச் சற்று மேல். உள்ளே அழுத்தம் காக்கப்படுவதால் வித்தியாசம் முழுவதும் கண்ணாடியை வெளியே தள்ளும். ஒரு சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர அடிக் கண்ணாடியில் 260 கிலோ.

பல விமானங்களில் கதவும் ஜன்னலும் உட்பக்கமிருந்து பொருத்தப்படுகின்றன. உள்ளழுத்தம் அவற்றைச் சட்டத்தோடு சேர்த்து இன்னும் இறுக்கும். ஆணி தவறினாலும் பலகம் வெளியே போகாது. ஒன்-இலெவனின் முன்கண்ணாடி வெளியிலிருந்து பொருத்துவது. உள்ளழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியவை அந்த 90 போல்ட்டுகள் மட்டுமே. அப்படிப்பட்ட வடிவமைப்பில் போல்ட்டின் விட்டத்தைக் கூடுதலாக ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். அன்றைய பிரிட்டிஷ் முறையில், ஒரே ஒரு பொருத்துப் பிழையால் விமானமே போய்விடும் என்ற இடங்களை 'வைட்டல் பாயின்ட்' என்று குறித்து, அங்கே இரண்டாவது ஆளின் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். முன்கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. வேலை முடிந்தபின் தரையிலேயே உள்ளே காற்றேற்றிப் பார்க்கும் சோதனையையும் கையேடு கேட்கவில்லை. வேலை செய்தவரும் சரிபார்த்தவரும் கையெழுத்திட்டவரும் ஒரே ஆள். முதல் சோதனை 17,300 அடியில், 87 பேரை வைத்துக்கொண்டு நடந்தது.

அறிக்கையின் தீர்ப்பு

ஆய்வுப் பிரிவு மூன்று தளங்களில் காரணம் சொன்னது. பாதுகாப்புக்கு இன்றியமையாத வேலை 'வைட்டல் பாயின்ட்' என்று குறிக்கப்படாமல், தரத்துக்கான முழுப் பொறுப்பையும் சுமந்த ஒருவராலேயே செய்யப்பட்டது, பறக்கும்வரை சோதிக்கப்படவும் இல்லை என்பது ஒன்று. அந்த மேனேஜரின் கவனக் குறைவு, தொழில் முறைகளை மீறியது, பொருந்தாத கருவிகளைப் பயன்படுத்தியது. இவை அன்று ஒரு நாள் மட்டும் நடந்தவை அல்ல என்பது இரண்டு. மேற்பார்வையும் தரத் தணிக்கையும் மேனேஜர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கவே இல்லை, அதனால் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது மூன்று.

மூன்றாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். காரணம் எளிது. முதல் கண்ணாடியில் 7டி போட்டது வேறு வேலை, வேறு சமயம். அந்தப் பிழை நான்கு வருடம் எந்தத் தணிக்கையிலும் சிக்கவில்லை. அதாவது பட்டியலைப் பார்க்காமல் போல்ட் எடுக்கும் பழக்கம் ஒரு தனிமனிதரின் குணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. தணிக்கை காகிதத்தைப் பார்த்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கண்ணாடி மாற்றப்பட்டது, கையெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். போல்ட்டின் எண்ணை எழுதும் கட்டம் இருந்து, அதைப் பாகப் பட்டியலோடு இன்னொருவர் ஒப்பிட வேண்டும் என்று இருந்திருந்தால், 7டியே முதலில் பிடிபட்டிருக்கும்.

அதற்காக மேனேஜர்மேல் தவறில்லை என்று வாதாட மாட்டேன். ஸ்டோர்ஸ்காரர் 8டி என்று சொன்ன நிமிடம் ஒரு முரண்பாடு எழுந்தது. இரண்டு எண்கள், இரண்டில் ஒன்றுதான் சரி. அதைத் தீர்க்கும் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்க ஐந்து நிமிடம் போதும். சுழல் அலமாரிக்குக் காரில் போய்வர அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். ஆள் குறைவு, நேரக் குறைவு என்ற சமாதானம் இந்த இடத்துக்குப் பொருந்தாது.

அறிக்கை எட்டுப் பரிந்துரைகள் செய்தது. இன்றியமையாத வேலைகளில் ஒருவரே செய்து ஒருவரே சான்றளிக்கும் முறையை ஒழுங்குமுறை ஆணையம் மறுபரிசீலனை செய்ய வேண்டும், நிறுவனம் தன் தர உறுதி முறையைச் சீர்பார்க்க வேண்டும் என்பவை எதிர்பார்த்தவையே. எனக்குப் பிடித்தது இன்னொன்று: மூக்குக்கண்ணாடி எழுதிக்கொடுக்கப்பட்ட பொறியாளர் வேலையின்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதன் அவசியத்தை ஆணையம் அங்கீகரிக்க வேண்டும் என்றது அது. மைக்ரோமீட்டருக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவருக்கும் கேலிபரேஷன் தேதி பார்க்கிற தொழிலில், அவற்றைப் படிக்கும் கண்ணையும் கருவிகளின் கணக்கில் சேர்த்தார்கள்.